தூவிச் சட்டை

அன்னத்தின் மெல்லிறகைத் தூவி என்பர் நம் முன்னோர். நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலில் அணையாக இடப்பெற்றது அதுவே. மேனாட்டாரோ வாத்தினங்களின் தூவியைச் சட்டையுள் அடைத்துப் பனிக்குக் காப்பாக அணிகின்றனர். 1922-ஆம் ஆண்டில் எவரெஸ்டு ஏறச் சென்ற ஜார்ஜ் பிஞ்சு என்பார், பலூன் துணியால் தைத்த தூவிச் சட்டையொன்றை அணிந்தார். உடன் சென்றோர் முதலில் நகைத்தனர். குளிர் மிக்கபோது அதனையே விழைந்தனர்.

வெயிலில் வாழும் நமக்கு இஃது எற்றுக்கு எனின், இமயம் காணச் செல்லும் மாணவர் நம்முள்ளும் உளர்.

தூவி தானே வெப்பந் தருவதன்று. தன் நுண்ணிழைகளிடையே காற்றை அசையாது நிறுத்துகின்றது. அக்காற்றே உடற்சூட்டைக் காக்கின்றது. ஆகலின், வாங்குங்கால் சட்டையின் கனத்தை நோக்காது தூவியின் எழுச்சியை நோக்குதல் வேண்டும். ஓர் அவுன்ஸ் தூவி எத்துணைக் கன அங்குலம் நிரப்பும் என்பதே அதன் தர எண். 800 எண்ணுடைய தூவி, 600 எண்ணுடையதினும் குறைந்த எடையில் அதே வெப்பத்தைக் காக்கும்.

நனைந்த தூவி கட்டிப்பட்டுக் காற்றை இழந்துவிடும். ஆதலின் மழைக்கு மேலே நீர்புகா அங்கி வேண்டும். அழுக்குறின் மென்மையான சோப்பிட்டு அலசுக, முறுக்கிப் பிழியற்க. இளஞ்சூட்டில், கட்டிகளைத் தட்டி உதிர்த்து, முற்றும் உலர்த்துக. நாட்கணக்கில் சுருட்டி அடைத்து வைத்தலும் ஆகாது, தளரத் தொங்கவிடுக.

சட்டையுட் காற்றை நாம் காப்போமாயின், பனிமலையில் அக்காற்று நம் உயிரைக் காக்கும்.