இரு பெட்டிக்கு ஒரு போகி

1993 டிசம்பர் 21. பிரான்ஸின் வடக்கே உள்ள வாலன்சியனிலிருந்து பாரிஸ் நோக்கி ஒரு டிஜிவி அதிவேக ரயில் மணிக்கு 294 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. உள்ளே சுமார் 200 பேர். பிக்கார்டி வட்டாரத்தில் ஓரிடத்தில் தண்டவாளம் இருந்தது, அதன் அடியில் மண் இல்லை. முதல் உலகப் போரில் அங்கே வெட்டப்பட்டிருந்த பதுங்குகுழி ஒன்று மழையில் உள்வாங்கி, சுமார் ஏழு மீட்டர் நீளத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. ரயில் தடம் புரண்டது.

அந்த வேகத்தில் தடம் புரண்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் பெட்டிகளைத்தான் யாரும் எதிர்பார்ப்பார்கள். இங்கே எந்தப் பெட்டியும் சாயவில்லை. தண்டவாளத்தை விட்டு இறங்கிய பெட்டிகளும் வரிசை கலையாமல், ஜல்லியை வாரி இறைத்தபடி ஓடி நின்றன. ஒரே ஒருவருக்கு லேசான காயம்.

அதிர்ஷ்டத்துக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பெரும்பங்கு பெட்டிகளைக் கோத்திருந்த விதத்துக்குத்தான்.

நம்மூரில் ‘எத்தனையாவது போகி?’ என்று கேட்டால் பெட்டியைத்தான் கேட்கிறார்கள். ரயில்வே பணிமனையில் போகி என்பது பெட்டிக்கு அடியில் இருக்கும் சக்கர அமைப்பு: ஒரு இரும்புச் சட்டம், அதில் இரண்டு அச்சு, நான்கு சக்கரம், ஸ்பிரிங்குகள், பிரேக். சாதாரணமாக ஒரு பெட்டிக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரண்டு போகிகள். பெரம்பூர் ஐசிஎஃப் பெட்டித் தொழிற்சாலையில் உருவான 16 பெட்டி வந்தே பாரத்துக்கு இந்தக் கணக்கில் 32 போகிகள். 1981-இல் பாரிஸ் - லியோன் தடத்தில் ஓடத் தொடங்கிய டிஜிவியில் இரண்டு இன்ஜின்கள், எட்டுப் பெட்டிகள், ஆகப் பத்து வண்டிகள். போகிகளோ 20 அல்ல, 13.

கணக்கு எளிது. இன்ஜின்களுக்குத் தலா இரண்டு, ஆக நான்கு. எட்டுப் பெட்டித் தொடரின் இரு கோடிகளிலும் ஒவ்வொன்று. இடையில் உள்ள ஏழு சந்திப்புகளில் சந்திப்புக்கு ஒன்று. அடுத்தடுத்த இரு வீடுகளுக்குப் பொதுச்சுவர் இருப்பது போல, அடுத்தடுத்த இரு பெட்டிகள் ஒரே போகியில் உட்கார்ந்திருக்கின்றன. ரயில் ஓடும்போதே ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு நடந்து போக முடிவதை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. சென்னை மெட்ரோவிலும் அப்படி நடக்கலாம். ஆனால் அங்கே ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியே இரண்டு போகிகள் உண்டு.

அந்தச் சந்திப்பைக் கிட்டே போய்ப் பார்த்தால் சங்கதி புரியும். ஒரு பெட்டியின் முனையில் கனத்த எஃகு வளையம் ஒன்று இருக்கிறது. அது போகியின் ஸ்பிரிங்குகள்மேல் உட்காருகிறது. அடுத்த பெட்டியின் முனை போகியைத் தொடுவதேயில்லை. முதல் பெட்டியின் வளையத்தில் ஓர் உருண்டை மூட்டு வழியாகத் தன் பாரத்தை இறக்கிவைக்கிறது. இரு முனைகளுக்கும் நடுவே ஆட்டத்தை அடக்கும் டேம்பர்கள். வளைவில் திரும்பவும் மேடு ஏறவும் தேவையான அளவுக்கு மூட்டு அசைந்து கொடுக்கும். ஒரு பெட்டி மட்டும் தனியாகச் சாய முயன்றாலோ, மடங்க முயன்றாலோ, அக்கம்பக்கத்துப் பெட்டிகள் பிடித்துக்கொள்ளும். சாதாரண ரயிலில் பெட்டிகளை இணைப்பது கப்ளிங் மட்டுமே. ஒன்று விலகினால் அடுத்ததை வெளியே தள்ளிவிட அதுவே வழியாகிவிடுகிறது.

இன்னொரு லாபமும் உண்டு. போகிக்கு மேலே பயணிகள் உட்காரும் கூடம் இல்லை, நடைபாதை மட்டும்தான். அதனால் ஸ்பிரிங்குகளை நடைபாதையின் இரு பக்கமும் உயரத் தூக்கி, பெட்டியின் ஈர்ப்பு மையத்துக்குக் கிட்டே வைக்க முடிகிறது. ஆட்டம் குறையும். 1989-இல் வந்த டிஜிவி அட்லாண்டிக்கில் எஃகுச் சுருள்களுக்குப் பதில் காற்று ஸ்பிரிங்குகள் வந்த பிறகு பயணம் இன்னும் மென்மையானது. சக்கரச் சத்தமும் இருக்கைக்கு நேர் கீழே இல்லை.

பிரெஞ்சுப் பொறியாளர்களுக்கு வேகத்தில் வரும் ஆட்டத்தின்மேல் பயம் இருந்ததற்குக் காரணம் உண்டு. ரயில் சக்கரத்தின் உருளும் பரப்பு லேசாகக் கூம்பு வடிவில் கடையப்பட்டது. இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பொருந்தியவை. அச்சு இடப்பக்கம் நகர்ந்தால் இடச் சக்கரம் தன் பெரிய விட்டத்தில் உருண்டு முந்திப் போய், அச்சை நடுவுக்குத் திருப்பும். திரும்பிய அச்சு நடுவில் நிற்காமல் வலப்பக்கம் போகும். மெதுவான ரயிலில் இது தெரியாது. வேகம் ஏற ஏற இந்த அலைச்சல் முரட்டுத்தனமாகிவிடும். ரயில்வேக்காரர்கள் இதை ‘ஹன்ட்டிங்’ என்பார்கள். 1955 மார்ச்சில் பிபி 9004 என்ற பிரெஞ்சு இன்ஜின் மணிக்கு 331 கிலோமீட்டரை எட்டியபோது, அது கடந்து போன தண்டவாளம் நெளிந்து கிடந்தது.

டிஜிவி போகியில் இதற்கு மூன்று மருந்துகள். இரு அச்சுகளுக்கும் நடுவே மூன்று மீட்டர் இடைவெளி (நம் ரயில்களில் ஓடும் எல்எச்பி வகைப் பெட்டிகளின் போகியில் இது 2.56 மீட்டர்); கூம்பின் சரிவு குறைவு; போகி இடவலமாகத் திரும்புவதை அடக்கும் டேம்பர்கள். போகியின் எண்ணிக்கை குறைந்தது இதற்கு மேல் ஒரு வசதி. எடை குறைந்தது, ரயிலுக்கு அடியில் காற்றைக் கிழிக்க வேண்டிய உறுப்புகளும் குறைந்தன.

இந்த யோசனை பிரான்ஸில் பிறந்ததல்ல. ஜெர்மானியப் பொறியாளர் வில்ஹெல்ம் யாக்கோப்ஸின் பெயரில்தான் இத்தகைய போகி இன்றும் அழைக்கப்படுகிறது. இங்கிலாந்தில் நைஜல் கிரெஸ்லி 1907-லேயே பழைய ஆறு சக்கரப் பெட்டிகளை இப்படி ஜோடி சேர்த்தார். 1933 மே 15 முதல் பெர்லின் - ஹாம்பர்க் தடத்தில் ஓடிய ‘ஃப்ளீகெண்டர் ஹாம்பர்கர்’ டீசல் ரயிலில் இரண்டு பெட்டிகள், மூன்று போகிகள். உச்ச வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர். அடுத்த ஆண்டு மே 26 அன்று அமெரிக்காவின் பர்லிங்டன் ஸெஃபிர், டென்வரிலிருந்து சிகாகோ வரையான சுமார் 1,630 கிலோமீட்டரை 13 மணி 5 நிமிடத்தில் கடந்தது. துருப்பிடிக்காத எஃகில் செய்த மூன்று பெட்டிகள், நான்கு போகிகள். கூட்டம் அலைமோதியது. தொல்லையும் அங்கேதான் தொடங்கியது: கூட்டம் கூடினால் சட்டென்று இன்னொரு பெட்டி சேர்க்க இந்த அமைப்பில் வழியில்லை.

தீபாவளி, பொங்கல் வந்தால் ‘கூடுதல் பெட்டிகள் இணைப்பு’ என்று ரயில்வே அறிவிப்பது நமக்குப் பழகிய செய்தி. போகியைப் பங்கு போட்ட ரயிலில் அது நடக்காத காரியம். ஒரு பெட்டியை உருவினால் பக்கத்துப் பெட்டிக்கு ஒரு பக்கம் கால் இல்லை. ஒரு பெட்டி பழுதானால் ரயில் முழுவதுமே பணிமனைக்குப் போக வேண்டும். போகியைக் கழற்ற, பெட்டித் தொடரை மொத்தமாக ஒரே சீராகத் தூக்கும் ஜாக்கிகள் தேவை. அந்த ஜாக்கிகளுக்கு ஏற்ற நீளத்தில் கொட்டகையும் தேவை.

பாரம் இன்னொரு கட்டுப்பாடு. சாதாரணப் பெட்டியை நான்கு அச்சுகள் தாங்குகின்றன. இங்கே சராசரியாக ஒரு பெட்டிக்கு இரண்டே அச்சு. பிரெஞ்சு அதிவேகத் தடத்தில் ஓர் அச்சுக்கு 17 டன் என்பது வரம்பு. அதற்குள் நிற்க வேண்டுமானால் பெட்டி நீளமாக இருக்க முடியாது. டிஜிவி பெட்டி 18.7 மீட்டர், எல்எச்பி பெட்டி ஏறத்தாழ 23.5 மீட்டர். இந்தக் கெடுபிடிக்குள் மாடிப் பெட்டியும் கட்டினார்கள். 1996-இல் சேவைக்கு வந்த டிஜிவி டூப்ளெக்ஸ், அலுமினிய உடலால் எடையைக் குறைத்து, முந்தைய ரயிலைவிடச் சுமார் 45 சதவீதம் அதிகம் பேரை ஏற்றியது. போகிகள் முனைகளில் ஒதுங்கியிருந்ததால் நடுவில் தளத்தைத் தாழ்த்த இடம் கிடைத்தது. இந்தக் கதையில் பொறியியல் ரீதியாக மிக அழகான தீர்வு இதுதான்.

ஸ்பெயினின் டால்கோ நிறுவனம் போகியையே தூக்கிப் போட்டுவிட்டது. சுமார் 13 மீட்டர் நீளக் குட்டைப் பெட்டிகள்; சந்திப்புக்கு ஒரு ஜோடிச் சக்கரம் மட்டும், அவையும் ஒன்றுக்கொன்று கட்டுப்படாமல் தனித்தனியே சுழலும். 2016-இல் இந்தியாவுக்கு வந்து மதுரா - பல்வல் தடத்தில் மணிக்கு 180 கிலோமீட்டரைத் தொட்டது இந்த வகை ரயில்தான்.

நகர வீதிகளின் தாழ்தள டிராம்களில் இதே யோசனை வேறு திசையில் போய் அடி வாங்கியது. படியில்லாமல் ஏற வசதியாகத் தளத்தைத் தாழ்த்தியபோது, போகி திரும்புவதற்கான சுழல் அச்சுக்கு இடமில்லாமல் போனது. சக்கரங்களைக் குட்டைப் பெட்டிகளுக்கு அடியில் திரும்பாதபடி பொருத்தி, இடையில் சக்கரமே இல்லாத பெட்டிகளைத் தொங்கவிட்டார்கள். போகி திரும்பி வாங்க வேண்டிய விசை முழுவதும் பெட்டியின் உடலுக்கு வந்தது. 2004 மார்ச்சில் சீமென்ஸ் நிறுவனம், 1,20,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய தன் காம்பினோ டிராம்களை நிறுத்தச் சொல்லிப் பல நகரங்களுக்கு அறிவித்தது. வளைந்து வளைந்து போகும் பாதையில் உடல் எவ்வளவு முறுக்கப்படும் என்பதைக் குறைத்துக் கணக்கிட்டிருந்தார்கள்.

மூட்டு எல்லாவற்றையும் காக்காது. 2015 நவம்பர் 14 அன்று ஸ்ட்ராஸ்பர்க் அருகே எக்வர்ஸ்ஹைமில், சோதனை ஓட்டத்தில் இருந்த டிஜிவி ஒன்று 176 கிலோமீட்டர் வேகத்துக்கு வகுத்த வளைவில் 265 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்தது. ரயில் சிதறியது, 11 பேர் இறந்தார்கள். பள்ளத்தில் இறங்கும் ரயிலை நேராகப் பிடிக்கும் மூட்டால், வளைவிலிருந்து வெளியே வீசப்படும் ரயிலைப் பிடிக்க முடியவில்லை.

ஜப்பான் 1990-களில் ஸ்டார் 21 என்ற சோதனை ரயிலில் இந்த முறையைப் பரீட்சித்துப் பார்த்தும், ஷின்கான்சென் பெட்டிகளைத் தனித்தனிப் போகிகளிலேயே ஓட்டுகிறது. இத்தாலியின் இடாலோ 2012-இல் 11 பெட்டி, 12 போகியோடு ஓடத் தொடங்கியது. அதில் தனி இன்ஜினே கிடையாது, பங்கிட்ட போகிகளிலேயே மோட்டார்கள். அதைக் கட்டிய ஆல்ஸ்டாமின் அடுத்த டிஜிவி எம் மறுபடியும் இரு கோடிகளில் இன்ஜின் வைக்கிறது. ஸெஃபிரைப் படுத்திய பழைய தொல்லைக்கும் அதில் பாதித் தீர்வு உண்டு: இடைப்பெட்டிகளை ஏழு, எட்டு, ஒன்பது என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த மாற்றம் பணிமனையில்தான், பிளாட்பாரத்தில் அல்ல.