டாக்மீட்டுக்கு உயிர் கொடுத்த ரிவர்

அணுப்போரில் அழிந்த அமெரிக்காவில் நடக்கும் வீடியோ கேம் தொடர் 'ஃபால்அவுட்'. 1997-இல் வந்த முதல் விளையாட்டிலேயே ஆட்டக்காரருக்குத் துணையாக வந்த நாய், டாக்மீட். அதில் அது சண்டையில் எளிதில் இறந்துவிடும். 2015-இல் வெளியான 'ஃபால்அவுட் 4'-இல் அடிபட்டு விழுந்தாலும் மீண்டும் எழுந்துவிடும்.

இந்தப் புதிய டாக்மீட்டுக்கு முன்மாதிரி, வடிவமைப்பாளர் ஜோயல் பர்கெஸ் வளர்த்த 'ரிவர்' என்ற பெண் ஜெர்மன் ஷெப்பர்ட். நாயை ஆயுதமாக அல்ல, நண்பனாகவே படைக்க வேண்டும் என்பதற்காக, ரிவரை அலுவலகத்துக்கே அழைத்து வந்து சக கலைஞர்களுடன் பழகவிட்டார் அவர். முன்னே ஓடி, பின்னால் ஆள் வருகிறாரா என்று நின்று திரும்பிப் பார்ப்பது ரிவரின் வழக்கம். விளையாட்டில் டாக்மீட்டும் அப்படியே செய்கிறது.

ரிவர் 2021-இல் இறந்தது. இன்றும் விளையாட்டைத் திறந்தால், டாக்மீட் முன்னே ஓடித் திரும்பிப் பார்க்கிறது.