இரண்டு வருஷக் கல்லூரியில் உத்தியோகம்

அமெரிக்காவில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் உங்கள் மகள், "அம்மா! நான் கம்யூனிடி காலேஜில் பாடம் சொல்லித்தரப் போகிறேன்" என்றால், உங்கள் முகம் வாடிவிடுமோ? வாட வேண்டாம், சகோதரி!

இவை இரண்டு வருஷப் படிப்புக்கான கல்லூரிகள். இன்றும் நடந்துவருகிறவற்றுள் மூத்தது, இல்லினாய் மாகாணத்து ஜோலியட் நகரில் 1901-ல் தோன்றியது. கட்டணம் குறைவு. பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளையும், பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் வரும் தாயாரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள்.

கற்பிக்க, பொதுவாக எம்.ஏ. பட்டமே போதும். ஆராய்ச்சி செய்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தமில்லை. ஆனால் ஒரு பருவத்துக்கு ஐந்து பாடம் எடுப்பது சகஜம். வீட்டுக்கு வந்தால் திருத்த வேண்டிய கட்டுரைகள் காத்திருக்கும். சொல்லித்தருவதில் ஆசை இல்லாதவர்களுக்கு இது சரிப்படாது.

அந்தஸ்துக் குறைவா? டாக்டர் பட்டம் பெற்ற ஜில் பைடன் அம்மையார், 2009 முதல் 2024 வரை வடக்கு வர்ஜீனியா கம்யூனிடி காலேஜில் ஆங்கிலம் போதித்தார். 2021-ல் கணவர் ஜனாதிபதியான பிறகும், வெள்ளை மாளிகையிலிருந்து வகுப்புக்குப் போய் வந்தார்!

ஒன்றை மட்டும் மகளிடம் கேளுங்கள்: "முழு நேர வேலையா, பகுதி நேரமா?" அங்கே ஆசிரியர்களில் பாதிக்கு மேல் பகுதி நேரத்தார்தான். பாடத்துக்கு இவ்வளவு என்று ஊதியம். அடுத்த பருவம் வேலை உண்டா என்பது நிச்சயமில்லை. இரண்டு மூன்று கல்லூரிகளுக்குக் காரில் அலைகிறவர்களும் உண்டு.

ஆகவே, படிக்கும்போதே ஒரு மாலை வகுப்பை எடுத்துப் பார்க்க வழி கிடைத்தால், பார்க்கட்டும். மனம் அதில் ஒன்றினால், முழு நேர இடத்துக்கு மனுப் போடட்டும். நீங்கள் தைரியமாக ஆசீர்வாதம் செய்யலாம்.