உயரங்கண்டு அஞ்சுவதேன்?

விடுமுறையில் இமயமலைப் பயணம் என்றதும் ஏதேனும் சாக்குச் சொல்லி விடுதியிலேயே தங்கிவிடும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. உயரங்கண்டு அஞ்சுவது கோழைத்தனம் அன்று. அதற்கு உடலியல் காரணம் உண்டு.

நாம் நிற்கும்போது உடல் சிறிது அசைந்துகொண்டே இருக்கிறது. அருகிலுள்ள பொருள்களைக் கொண்டு கண் அவ்வசைவை உணர்கிறது. உயரத்திலோ பொருள்கள் தொலைவில் இருப்பதால் அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. உட்செவியும் பாதங்களும் மட்டுமே அறிவிக்கின்றன. இம்முரண்பாட்டால் தலை சுற்றுகிறது. அச்சம் அதை மிகுவிக்கிறது. அவ்வேளையில் அருகிலுள்ள பாறையொன்றைப் பார்த்தால் தலைசுற்றல் தணியும்.

நிலையான மருந்து பழக்கமே. ஜெர்மானியக் கவிஞர் கதே 1770-71இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் சட்டம் பயின்றார். அங்கே 142 மீட்டர் உயரமுள்ள தேவாலயக் கோபுரத்தின் உச்சிப் பகுதிக்குத் தனியே ஏறி, கால் மணி நேரம் உள்ளே அமர்ந்து மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, திறந்த வெளிக்கு வந்து நின்றார். அச்சம் தேயும்வரை பலமுறை அவ்வாறு செய்தார். பின்னாளில் மலைப் பயணங்களுக்கு அப்பயிற்சி பெரிதும் உதவிற்று என்று அவரே எழுதியுள்ளார்.

இன்றைய உளமருத்துவரும் இவ்வழியையே படிப்படியாகக் கையாளுகின்றனர். முதலில் கைப்பிடிச் சுவருள்ள மாடி, அடுத்துச் சிறு குன்று, அதன்பின் மலைப்பாதை. ஒவ்வொரு படியிலும் அச்சம் அடங்கும்வரை நில்லுங்கள். இடையில் ஓடிவந்தால் அச்சமே வெல்லும். அடுத்த பயணப் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கட்டும்!