லாபத்தில் பங்கு

"ஸார், நான் இனிமேல் வெறும் அச்சுக்கூடக்காரன் அல்ல; ஊறுகாய் வியாபாரத்திலும் ஒரு கூட்டாளி!" என்று சொல்லிக்கொண்டு இரண்டு வருஷங்களுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். அவனுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆகையால் சந்தோஷத்தோடு சிறிது கவலையும் எனக்கு உண்டாயிற்று.

விஷயம் இதுதான். புதிதாக ஊறுகாய் வியாபாரம் தொடங்கிய ஒருவர், சீசாக்களுக்கு லேபிள்களும் அட்டைப் பெட்டிகளும் அச்சடித்துத் தரும்படி கேட்டிருக்கிறார். "கையில் இப்போது ரொக்கம் இல்லை, தம்பி. லாபத்தில் பத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள். உன் அச்சுக்கூடத்தின் பெயரும் ஊரெங்கும் பரவும்" என்றாராம். என் மாணவன், எழுத்து மூலமாக ஒன்றும் வாங்கிக்கொள்ளாமல் 60,000 ரூபாய் பெறும் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டான்.

ஊறுகாய் நன்றாகவே விற்றது. வருஷ முடிவில் பங்கு கேட்கப் போனான். கடை வாடகை, விளம்பரச் செலவு, ஏஜெண்டு கமிஷன், வண்டிக் கடன், தமக்குச் சம்பளம் என்று அவர் வாயாலேயே கணக்கை ஒப்பித்தார். எல்லாம் போக லாபம் பூஜ்யம்! பூஜ்யத்தில் பத்தில் ஒரு பங்கு எவ்வளவு என்பதை நானே அவனுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் காகிதக் கடைக்காரர் பூஜ்யத்தை வாங்கிக்கொள்வாரா? பெயர் பரவியதைக் காட்டினால்தான் பாக்கியைத் தள்ளுவாரா? மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. வேலையாட்கள் இருவருக்கும் தீபாவளிக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை.

இவ்விதம் ஏமாந்தவர்களில் பெரிய மனிதர்களும் உண்டு. அமெரிக்காவின் பிரபல ஹாஸ்ய எழுத்தாளர் ஆர்ட் புச்வால்ட், தம் கதையைத் தழுவி 1988-ல் பாரமவுண்ட் கம்பெனியார் 'கமிங் டு அமெரிக்கா' என்ற படத்தை எடுத்தார்கள் என்று வழக்காடினார். ஒப்பந்தப்படி அவருக்கு நிகர லாபத்தில் பங்கு. படமோ உலகெங்கும் 28 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஆயினும் நிகர லாபம் ஒன்றுமில்லை என்று கம்பெனியார் கணக்குக் காட்டினார்கள்! அந்தக் கணக்கு முறையின் ஷரத்துகள் மனச்சாட்சிக்கு ஒவ்வாதவை என்று 1990-ல் நீதிபதி கூறினார். 1992-ல் புச்வால்டுக்கு 1,50,000 டாலர் கிடைக்கத் தீர்ப்பாயிற்று. வழக்காட வசதியுள்ளவருக்கே இந்தப் பாடு!

நம் நாட்டு உழவர்களுக்கு இந்தச் சூக்ஷ்மம் தெரியும். வாரத்துக்குப் பயிரிட்டால் நெல் களத்தில் குவியும். இரு தரப்பாரும் பார்த்திருக்க அளப்பார்கள். 1956-ம் வருஷத்து நியாயவாரச் சட்டம், ஆற்றுப் பாசன நஞ்சைக்கு நிலச்சுவான்தாரின் பங்கை 40 சதவிகிதம் என்று வகுத்தபோது, மொத்த விளைச்சலைத்தான் அளவாகக் கொண்டது. பின்னர் அந்த விகிதம் குறைக்கப்பட்டது வேறு விஷயம். கண்ணால் பார்க்கக் கூடிய குவியலில் பங்கு பேசுவது ஒன்று. மற்றொருவர் பெட்டிக்குள் வைத்திருக்கும் கணக்கில் பங்கு பேசுவது வேறொன்று.

சட்டம் உதவாதா என்று வாசகர்கள் கேட்கலாம். லாபத்தில் பங்கு பெறுவதனால் மட்டும் ஒருவன் கூட்டாளி ஆகிவிட மாட்டான் என்று 1932-ம் வருஷத்து இந்தியக் கூட்டு வியாபாரச் சட்டம் சொல்லுகிறது. ஆகவே கூட்டாளிக்குரிய கணக்குப் பார்க்கும் உரிமை அவனுக்குத் தானாகக் கிட்டாது. ஆனால் "நானும் கூட்டாளி" என்று அவனே பெருமையடித்துக்கொண்டால், அதை நம்பி அந்த வியாபாரத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் அவன் கழுத்தைப் பிடிக்கலாம்!

2006-ம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் நல்லதோர் ஆயுதந்தான். குறு, சிறு தொழிலாகப் பதிவு செய்துகொண்டவருக்குச் சேர வேண்டிய தொகைக்கு 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. தவறினால் ரிஸர்வ் பாங்கு அறிவிக்கும் வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கொடுக்க வேண்டும். ஆனால் விலை பேசிப் பில் போட்டவனுக்கே அந்த ஆயுதம் எளிதில் கைகொடுக்கும். லாபத்தில் பங்கு பேசியவன், லாபம் உண்டு என்பதையல்லவா முதலில் நிரூபிக்க வேண்டும்?

பங்கு பேசுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. முதல் இல்லாத யோக்கியர்கள் பலர் அவ்விதந்தான் முன்னுக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் கூலியை விட்டுக் கொடுப்பவன் உண்மையில் கடன் கொடுக்கிறான். கடன் கொடுப்பவனுக்குள்ள ஜாக்கிரதை அவனுக்கும் வேண்டும். கைச்செலவை முன்பணமாக வாங்கிவிட வேண்டும். பங்கை லாபத்தில் பேசாமல் விற்பனையில் பேச வேண்டும். கணக்குப் பார்க்கும் உரிமையையும் பணம் தரும் தேதியையும், தான் கூட்டாளி அல்ல என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். முழுவதும் போனாலும் தாங்கக் கூடிய அளவுக்குமேல் ஒப்புக்கொள்ளலாகாது.

சென்ற மாதம் என் மாணவனிடம் மற்றொருவர் இதே பேச்சுடன் வந்தாராம். "காகித விலையும் வேலையாள் கூலியும் முன்பணம், பாக்கிக்கு, விற்கும் சீசா ஒன்றுக்கு ஒரு ரூபாய், மாதம் முதல் தேதி கணக்கு" என்று இவன் எழுதி நீட்டினான். வந்தவர், "யோசித்துச் சொல்லுகிறேன்" என்று போனவர் திரும்பி வரவில்லை.

"வேலை போய்விட்டதே, அப்பா!" என்றேன்.

"வேலைதான் போயிற்று, ஸார். காகிதம் என் கடையிலேயே இருக்கிறது" என்றான்.