உடம்பு தேறும் வழி

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது நம் நாட்டுப் பழமொழி. கொள்ளைப் பற்றி இன்று எழுதாத ஏடு இல்லை. எடையைக் குறைப்பது எப்படி என்று நாள்தோறும் யாரேனும் நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எள்ளைப் பற்றி எழுதுவார்தாம் குறைவு. ஆயினும் நம் விடுதிகளிலும் வீடுகளிலும், "எப்படியாவது கொஞ்சம் சதை பிடிக்க வேண்டும்" என்று ஏங்கும் இளைஞர் பலர் இருக்கின்றனர். அவர்கள் பொருட்டே இக்கட்டுரை எழுந்தது.

இஃது ஏதோ சிலருடைய அழகுக் கவலை என்று தள்ளிவிடற்கில்லை. 2019-க்கும் 2021-க்கும் இடையே எடுக்கப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியப் பெண்களில் 100-க்கு 19 பேரும், ஆண்களில் 16 பேரும் இருக்க வேண்டிய எடைக்குக் குறைவாக இருந்தனர். அளவு காண்பது எளிது. எடையைக் கிலோகிராமில் எழுதி, உயரத்தை மீட்டரில் எழுதி, அவ்வுயரத்தால் இருமுறை வகுக்க வேண்டும். வரும் விடை 18.5-க்குக் கீழிருந்தால் உடல் மெலிவு. 170 சென்டிமீட்டர் உயரமும் 52 கிலோ எடையும் உள்ள மாணவர் ஒருவருக்கு விடை 18. அவர் குறைந்தது இன்னும் ஒன்றரைக் கிலோவாவது தேற வேண்டும்.

பாம்பூஃப்ளாட்டில் வாழும் எங்களைப் போன்ற குடியேறிய தமிழர்க்கு இது நன்கு தெரிந்த செய்தி. காலையில் எங்கள் துறையிலிருந்து சாத்தம் துறைக்கு ஃபெர்ரியில் கடக்கும்போது, ஊர்ப் பெரியவர் யாரேனும், "என்ன தம்பி, வீட்ல சோறு போடுறதில்லையா?" என்று கேட்காமல் விடமாட்டார். "போடுறாங்க அண்ணாச்சி, ஒடம்புலதான் ஒட்ட மாட்டேங்குது" என்பதே என் வழக்கமான விடை. அவர் கேட்பது அன்பினால்தான். ஆனால் அவ்விடையில் ஓர் அறிவியல் வினா ஒளிந்திருக்கிறது. உண்ட சோறு ஒருவர் உடம்பில் ஒட்டுகிறது, மற்றொருவர் உடம்பில் ஒட்டுவதில்லை. அஃது ஏன்?

கனடா நாட்டில் குளோட் பூஷார் என்னும் அறிஞரும் அவர் தோழரும் செய்த சோதனை ஒன்று 1990-ல் வெளியாயிற்று. ஒரே கருவில் உருவான இரட்டையர் 12 இணையரை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். எல்லாரும் இளைஞர்கள். ஒவ்வொருவருக்கும் தேவைக்கு மேல் நாளொன்றுக்கு 1000 கலோரி வீதம் 84 நாட்கள் ஊட்டினர். எல்லாருக்கும் ஒரே அளவு மிகை உணவு. ஆனால் ஒருவர் 4.3 கிலோதான் கூடினார், மற்றொருவர் 13.3 கிலோ கூடினார். சராசரி 8.1 கிலோ. இரட்டையர் இருவரும் பெரும்பாலும் ஒன்றுபோலவே பெருத்தனர். எடை கூடும் அளவும் கொழுப்புச் சேரும் இடமும் பிறப்போடு வருவன என்பதற்கு இது நல்ல சான்று.

மிகையாக உண்ட உணவு எங்கே போகிறது? 1999-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் 16 பேருக்கு எட்டு வாரம் இதேபோல் 1000 கலோரி கூட்டிக் கொடுத்துப் பார்த்தனர். ஒருவர் உடலில் சேர்ந்த கொழுப்பு அரைக் கிலோவும் இல்லை. மற்றொருவர் உடலில் நான்கு கிலோவுக்கு மேல். மெலிந்தே நின்றவர்கள் தம்மை அறியாமலே கூடுதலாக அசைந்தனர். எழுந்து நடப்பது, நிற்பது, அமர்ந்த இடத்திலேயே கையையும் காலையும் அசைப்பது ஆகிய சிறு செயல்களிலேயே அவர்கள் மிகை உணவைச் செலவழித்துவிட்டனர். ஆகவே மெலிந்தவனைப் பார்த்து, "நீ சரியாகச் சாப்பிடுவதில்லை" என்று பழிப்பது எப்போதும் நியாயமன்று.

இனி முதன்மையான செய்திக்கு வருவோம். எடை கூடினால் உடம்பு தேறிவிட்டது என்று பொருளா? அன்று. 2004-ஆம் ஆண்டு 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் இரண்டு அறிஞர்களின் படம் வெளிவந்தது. ஒருவர் இங்கிலாந்தின் ஜான் யட்கின். மற்றவர் புனே நகரத்துச் சித்தரஞ்சன் யாஜ்னிக். நாம் மேலே கணக்கிட்ட அளவு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது, முன்னவருக்கு 9.1 விழுக்காடு, நம் நாட்டவருக்கு 21.2 விழுக்காடு! நிறுவைப் பொறி இருவரையும் ஒன்றாகவே காட்டியது. உள்ளே இருந்த சரக்கு வேறு. இந்தியரிடம் பொதுவாகத் தசை குறைவு, கொழுப்பு மிகுதி. அக்கொழுப்பும் வயிற்றில் சேரும் இயல்புடையது. மெலிந்த தமிழ் இளைஞர் ஒருவர் பரோட்டாவும் இனிப்பும் தின்று, உட்கார்ந்த இடத்திலேயே பத்துக் கிலோ கூடினால், கையும் காலும் குச்சியாகவே இருக்க வயிறு மட்டும் முன்னே வரும். பிறகு சர்க்கரை நோய் வாயிலில் வந்து நிற்கும்.

வேண்டுமென்றே உடல் பெருக்குவதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் உலகில் உளர். ஜப்பானின் சுமோ மல்லர் அவர்களுள் தலைசிறந்தவர். அவர்கள் 'ஹேயா' என்னும் பயிற்சி இல்லத்தில் ஒன்றாக வாழ்கின்றனர். காலையில் வெறும் வயிற்றோடு மணிக்கணக்கில் மல்லாடுவர். நண்பகலில் 'சாங்கோ' என்னும் குழம்பைச் சோற்றோடு வயிறு நிறைய உண்பர். அதில் கோழி, மீன், சோயாக் கட்டி, காய்கறி எல்லாம் கலந்திருக்கும். பின்பு உறங்குவர். ரஷ்யாவிலிருந்து சென்று அங்கே மல்லரான ஓரோரா என்பவர் 2018-ல் 292.6 கிலோ எட்டினார். இவ்வளவு பெருத்தும், பயிற்சியில் இருக்கும் மல்லரின் கொழுப்பில் பெரும்பகுதி தோலுக்கு அடியிலேயே தங்குவதையும், குடலைச் சூழும் தீய கொழுப்பு அவர்தம் உடற்பருமனுக்குக் குறைவாகவே இருப்பதையும் ஜப்பானிய மருத்துவர் கண்டனர். அவர்களைக் காப்பது கடும் உழைப்பு. உழைப்பை விட்டு உணவை விடாதவருக்கு அக்காவல் நீங்கிவிடுகிறது. சுமோ மல்லரின் ஆயுள் பொதுவாக ஏனைய ஜப்பானியரைவிடக் குறைவு என்பதையும் மறைத்தற்கில்லை.

நம் நாட்டிலும் வடக்கே 'அகாடா' என்னும் மற்கூடங்களில் பாலும் நெய்யும் வாதுமையும் உண்டு, நூற்றுக்கணக்கில் தண்டாலும் பைட்டக்கும் எடுத்து உடல் வளர்ப்பது பழைய வழக்கம். 1910-ல் இலண்டன் சென்று புகழ்பெற்ற காமா பயில்வான் அம்மரபில் வந்தவர். தமிழகத்தில் வேலூரை அடுத்த சத்துவாச்சாரி பளுதூக்குவோர்க்குப் பேர்போன இடம். அங்கிருந்து வந்த சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 ஆகிய இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். பளுதூக்குவோர்க்கு எடை என்பது அழகுப் பொருளன்று. பிரிவுக்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும் ஆளும் கருவி.

மேலை நாடுகளில் வேறொரு கூட்டமும் உண்டு. போட்டிக்கோ உடல்நலத்துக்கோ அன்றி, பெருத்த உடலையே விரும்பி எடை கூட்டுவோர் அவர்கள். ஒருவரையொருவர் ஊக்கப்படுத்திக்கொண்டு, கூடிய கிலோவைக் கொண்டாடுகின்றனர். பெருத்தவரை இகழும் ஊரில், "இகழாதீர்" என்று அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் எல்லையின்றி ஏறும் எடையை இதயமும் மூட்டும் எவ்வளவு தாங்கும் என்பது, எவருடைய விருப்பத்தையும் கேட்டு நடப்பதன்று.

இவர்கள் எல்லாரிடமும் ஒரு பொதுமை காண்கிறோம். எவரும் தனித்து உடல் வளர்க்கவில்லை. உடன் உண்ண ஒரு கூட்டம், உடன் உழைக்க ஒரு கூட்டம், பார்த்துப் பாராட்ட ஒரு கூட்டம் தேவைப்படுகிறது. நம் வீடுகளிலும் அம்முறை இருந்தது. பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும், பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டும் பூண்டும் என்று உற்றார் கொணர்ந்து ஊட்டினர். ஆனால் அந்தச் சில நாட்கள் கழிந்தபின், அதே பெண் எல்லாரும் உண்டபிறகு மிச்சத்தை உண்பவளாகிறாள். சுமோ இல்லத்தில் சமைத்துப் பரிமாறும் இளைய மல்லர் கடைசியில் உண்பர்; ஆனால் அவர் ஒருநாள் மூத்தவராகி முதற்பந்தியில் அமர்வார். நம் வீட்டுத் தாய்க்கு அந்த நாள் வருவதில்லை. மெலிவைப் பற்றிப் பேசுகிற நாம் முதலில் நம் அடுக்களையைப் பார்க்க வேண்டும்.

சரி, நாம் செய்யத்தக்கது யாது? நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி வரை மிகையாக உண்டால் போதும். எள்ளின் எடையில் பாதிக்கு அருகில் எண்ணெய்; 100 கிராமில் 550 கலோரிக்கு மேல் உண்டு. கொள்ளிலோ கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். பழமொழி கண்ட முன்னோர் தராசும் குடுவையும் இன்றியே இதை உணர்ந்திருந்தனர்! மாலையில் 50 கிராம் வேர்க்கடலையும் இரண்டு வாழைப்பழமும் உண்டால் ஏறத்தாழ 450 கலோரி வந்துவிடும். இரவில் ஒரு தம்ளர் பால், காலையில் இரண்டு முட்டை. எங்கள் தீவில் சூரை மீனுக்குக் குறைவில்லை. அதன் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. தேங்காய் கலோரி தரும். புரதம் மிகுதியாகத் தராது. தசை வளர்க்கப் பயிற்சி செய்வோர்க்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.6 கிராம் வரை புரதம் பயன்படும். அதற்கு மேல் கூட்டிப் பெரும்பயன் இல்லை என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான கட்டுரை கூறுகிறது. 52 கிலோ உள்ளவருக்கு இஃது 83 கிராம்.

உணவோடு வாரம் மூன்று நாள் பளுப் பயிற்சி வேண்டும். தண்டால், குந்தி எழுதல் இவற்றுக்குப் பொருட்செலவும் இல்லை. பயிற்சிதான், "வந்த உணவைத் தசையாக்கு" என்று உடலுக்கு இடும் கட்டளை. வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை கூடுவது போதும். நிறுவைப் பொறியோடு ஒரு நாடாவையும் வைத்துக்கொள்க. எடை கூடும்போது புயமும் தொடையும் பெருத்தால் நன்று. இடுப்பு மட்டும் பெருத்தால் வழி தவறுகிறது என்று அறிக.

குறுக்கு வழிகளிடம் எச்சரிக்கை தேவை. எடை கூட்டும் மாவு என்று டப்பாக்களில் வருவனவற்றுள் பலவற்றில் பெரும்பகுதி மாவுச்சத்தும் சர்க்கரையுமே. உடல் வளர்க்கப் புரத மாவுகளை நாட வேண்டா என்று 2024-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு நெறிகளும் கூறுகின்றன. இவற்றினும் கொடியவை மாத்திரைகள். சைப்ரோஹெப்டடின் பசியைத் தூண்டும். கூடவே உறக்கத்தையும் தரும். டெக்சாமெத்தசோன் முகத்தை உப்பச் செய்யும். அதைச் சதை என்று மகிழ்வோர் உண்டு. ஆனால் அது சர்க்கரையை ஏற்றும், எலும்பையும் தசையையும் அரிக்கும், நோயை எதிர்க்கும் வலிமையைக் குறைக்கும். தசை வளர்க்கும் ஸ்டீராய்டு ஊசிகள் இதயத்தையும் ஆண்மையையும் ஒருங்கே கெடுக்கும். மருத்துவர் எழுதித் தராத எதையும் உடற்பயிற்சிக் கூடத்து நண்பர் கொடுத்தார் என்பதற்காக விழுங்கற்க.

இன்னொன்று. பிறவியிலேயே ஒல்லியாக இருப்பது வேறு. இருந்த எடை காரணமின்றிக் குறைவது வேறு. பின்னது நிகழ்ந்தால் கடலையும் வாழைப்பழமும் மருந்தாகா. தைராய்டு மிகை, சர்க்கரை நோய், குடற்புழு, காசநோய் இவற்றுள் ஒன்று காரணமாகலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் எடைக் குறைவும் சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்க. எடை கூடுவது அங்கே உயிர்ப் பிரச்சினை. சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்குகொண்டு, ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2,800 காசநோயாளர்க்கு மருந்தோடு உணவுப் பொருளும் மாதந்தோறும் கொடுத்துச் செய்த ஆய்வு 2023-ல் வெளியாயிற்று. முதல் இரண்டு மாதத்தில் 5 விழுக்காடு எடை கூடியவர்களிடம் இறப்பு அபாயம் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைவாக இருந்தது. அவர்தம் வீட்டாருக்கும் சத்துணவு கொடுத்தபோது, அவ்வீடுகளில் புதிதாக நோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. 40 கிலோ உள்ள ஒருவர்க்கு 5 விழுக்காடு என்பது இரண்டே கிலோ. அரிசியும் பருப்பும் பால்மாவும் தந்த அந்த இரண்டு கிலோவின் விலையை எண்ணிப் பாருங்கள்.

மாணவ நண்பர்களே, உங்கள் அறையில் மெலிந்தவர் ஒருவர் இருப்பின் அவரை 'நோஞ்சான்' என்று அழையாதீர்கள். மாலையில் நடைக்கும் பயிற்சிக்கும் உடன் அழையுங்கள். கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அவர் பக்கம் முதலில் நீட்டுங்கள். விடுமுறைக்கு வீட்டுக்குச் சென்றால், அம்மாவையும் தங்கையையும் முதற்பந்தியிலேயே உடன் அமரச் சொல்லுங்கள்.