நீலநாக்கு நோய்: ஆட்டுக்கு ஆடு ஒட்டாது, ஆனாலும் பரவும்

வடகிழக்குப் பருவமழை பெய்து ஓயும் நாட்களில் கிடையில் ஓர் ஆடு மேய மறுத்துத் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். காய்ச்சல் கொதிக்கும். உதடும் முகமும் வீங்கி எச்சில் ஒழுகும். மூக்குச்சளி காய்ந்து பொருக்குத் தட்டும். குளம்பின் மேல்விளிம்பு சிவந்து ஆடு நொண்டும். நோய் கடுமையான சில ஆடுகளுக்குத்தான் நாக்கு தடித்து நீலம் பாரிக்கும். அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

இது வைரஸ் நோய். மனிதரைத் தாக்காது. ஓர் ஆட்டிலிருந்து பக்கத்து ஆட்டுக்குப் பெரும்பாலும் நேரடியாகத் தொற்றுவதும் இல்லை. கியூலிக்காய்டிஸ் என்ற கடிபூச்சிதான் இதைச் சுமக்கிறது. கொசுவைவிடச் சிறியது, 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளம். சாணமும் ஈரமும் கலந்த சேற்றில் பெருகும். பெண்பூச்சி மட்டுமே இரத்தம் குடிக்கும். அந்தி முதல் விடியல் வரை அதிகம் கடிக்கும். காற்றடித்தால் வெகுதூரம் போய்விடும்.

மாடுகளின் நிலை வேறு. பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலே வாரக்கணக்கில் வைரஸை இரத்தத்தில் வைத்திருக்கும். அவற்றைக் கடித்த பூச்சி ஆட்டைக் கடிக்கிறது. கடிபட்டு ஏறக்குறைய ஒரு வாரம் கழித்தே ஆடு சோர்கிறது. ஆகவே முதல் ஆடு படுக்கும்போது, அக்கம்பக்கத்தில் நோய் ஏற்கெனவே இறங்கியிருக்கும்.

அதனால்தான் இதை மறைக்காமல் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம். சந்தேகம் எழுந்ததும் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிலோ சொல்ல வேண்டும். நோயுற்ற ஆட்டைப் பிரித்துக் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

நோயை உறுதிசெய்ய மருத்துவர் எடுக்கும் இரத்த மாதிரிக்கு இன்னொரு பயனும் உண்டு. இந்த வைரஸில் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஒரு வகைக்குப் போட்ட தடுப்பூசி மற்றொரு வகையைச் சரியாகத் தடுக்காது. இந்தியாவில் 2015இல் வெளியான தடுப்பூசி 1, 2, 10, 16, 23 ஆகிய ஐந்து வகைகளுக்கானது. ஊரில் பரவுவது எந்த வகை என்பது மாதிரியைச் சோதித்தால்தான் தெரியும்.

வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. வாய்ப்புண்ணைக் கழுவி, கஞ்சி கொடுத்து, நிழலில் வைத்துத் தேற்றலாம். பட்டியில் சாணமும் தண்ணீரும் தேங்காமல் பார்த்துக்கொள்ளலாம். மாலையில் மூட்டம் போட்டால் பூச்சிக்கடி ஓரளவு குறையும். தடுப்பூசியை மட்டும் மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். உடலில் எதிர்ப்பாற்றல் உருவாகச் சில வாரங்கள் பிடிக்கும், பூச்சி அதுவரை பொறுக்காது.